கதவிலிருந்து ஜன்னல் வரை

அக்கா போன பிறகு அந்த வீட்டில் யாரும் தொடத் துணியாத பொருள் ஒன்று இருந்தது. அலமாரியின் மேல்தட்டில் ஒரு பிஸ்கட் டப்பா. அவளுடைய துணிமணிகளை மடித்து வேண்டியவர்களுக்குக் கொடுத்தாயிற்று. செருப்பு போயிற்று. மருந்துக்கடையில் அவள் போட்டுக்கொண்டிருந்த வெள்ளைக் கோட்டைக் கடைக்காரர் ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டார். டப்பா மட்டும் அசையவில்லை. இத்தனைக்கும் உள்ளே இருந்தவை வெறும் காகிதத் துண்டுகள்.

மகளின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் காகிதச் சங்கிலி செய்து கூடத்தில் கட்டுவது அக்காவின் வழக்கம். நீளத் துண்டாக வெட்டிய தாளை வளைத்து ஒட்டினால் ஒரு வளையம். அடுத்த துண்டை அதற்குள் நுழைத்து ஒட்டினால் இன்னொன்று. மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சிய பசை போதும், எந்தக் குழந்தையும் செய்துவிடும். ஆனால் அக்கா அதற்காகக் கடையில் கலர்த்தாள் வாங்க மாட்டாள். அந்த வருடம் வீட்டுக்குள் வந்து சேர்ந்த தாள்தான். அத்தானின் புதுச் சட்டை வந்த அட்டைப்பெட்டி, கிழித்த காலண்டர், குழந்தை காய்ச்சலில் கிடந்தபோது வாங்கிய டானிக்கின் மேலுறை, பள்ளிக்கூடத்தில் முதல் நாள் கொடுத்தனுப்பிய ஆரஞ்சு நிற அறிவிப்பு. கிடைக்கக் கிடைக்க வெட்டி டப்பாவில் போட்டு வைப்பாள். பிறந்தநாள் காலையில் தாயும் மகளும் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து, “இது எது, சொல்லு பார்ப்போம்” என்று கேட்டுக் கேட்டு ஒட்டுவார்கள். சொல்லாமல் ஒட்டக் கூடாது. அதுதான் ஆட்டம்.

போன வருடம் சங்கிலி கதவிலிருந்து சுவர்க் கடிகாரம் வரை எட்டியது. ஆறு வயது ஆகும்போது ஜன்னலைத் தொட்டுவிடும் என்று அக்கா சொல்லியிருந்தாள். மார்ச்சளி முற்றிப் படுக்கையில் விழுந்த நாட்களிலும் தலையணையில் சாய்ந்தபடி கத்தரிக்கோலும் கையுமாகத்தான் இருந்தாள். பார்க்க வந்தவர்கள் ஓய்வெடுக்கக் கூடாதா என்று கடிந்துகொண்டார்கள். இருமுவதை விடவா இது கஷ்டம் என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. டப்பா நிறைந்தது. பிறந்தநாளைப் பார்க்க அவள்தான் இல்லை.

அக்காவின் தங்கை, குழந்தைக்குச் சித்தி, இரண்டு தெரு தள்ளிப் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தாள். கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள். அக்கா அவளைக் கண்ணாடிக்காரி என்றுதான் கூப்பிடுவாள். கடைக்குப் பழைய புகைப்படங்கள்தான் அதிகம் வரும். செத்துப்போன அப்பா, பெயர் மறந்துபோன பெரியம்மா, நடுவில் மடிப்பு விழுந்த கல்யாணக் கூட்டம். வருகிறவர்களிடம் சித்தி ஒரே பாட்டைத்தான் பாடுவாள். அசலை வெயில் படாமல் உள்ளே வையுங்கள், அதன்மேல் பசை பட விடாதீர்கள், சுவரில் மாட்டப் பிரதி போதும். பத்து வருடமாகச் சொல்லிச் சொல்லி அது அவள் நாக்கில் மட்டுமில்லை, கையிலும் ஊறிவிட்டது.

பிறந்தநாளுக்குச் சில நாட்கள் முன்னால் குழந்தைதான் பேச்சை எடுத்தது. சங்கிலி ஒட்டணும் என்றது. அத்தான் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்குக் கதவுக்கு வெளியே நின்று தைரியம் சொல்வாரே, அதுதான் அவர் ஒரு நாளில் பேசும் பேச்சு என்று அக்கா கேலி செய்வதுண்டு. அவர் தயங்குவதைப் பார்த்துச் சித்தியே நாற்காலி போட்டு ஏறி டப்பாவை இறக்கினாள். தூசி தட்டி, வகை பிரித்து அடுக்கிக் கொண்டுவருகிறேன் என்று சொல்லி எடுத்துப் போனாள். போகும்போது மனதில் வேறு எண்ணம் எதுவும் இல்லை. அதைச் சத்தியம் செய்தே சொல்லலாம்.

கடை மேசையில் மூடியைத் திறந்தபோதுதான் எல்லாம் மாறியது. அக்கா இடதுகைக்காரி. கத்தரிக்கோலோ எல்லோருக்கும் போல வலதுகைக்குச் செய்தது. அதனால் எந்தத் துண்டும் நேராக இருக்காது. ஒரு முனை அகலம், மறுமுனை ஒல்லி, நடுவில் ஒரு நெளிவு. காய்ச்சலில் வெட்டியவை இன்னும் மோசம். சிலவற்றில் கத்தரிக்கோல் பாதியில் நின்று, மூச்சு வாங்கி, மறுபடி கிளம்பிய இடம் பல்லாகத் தெரிந்தது. அக்காவின் கையெழுத்து எந்தச் சீட்டிலாவது கிடைக்கும். அவள் கை நின்று கிளம்பிய இடம் வேறெங்கே கிடைக்கும்? இதை எல்லாம் மாவுப் பசையில் முக்கி, ஒரு நாள் கூத்துக்குக் கட்டி, மறுநாள் பல்லிக்கும் எறும்புக்கும் கொடுப்பதா?

சித்தி கைத்தொழில்காரி. வேலையில்தான் வழி தேடினாள். படத்தைச் சுற்றி வைக்கும் கலர் அட்டைகளின் ஓரத் துண்டுகள் கடையில் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. மெல்லியதாகப் பார்த்து, நிறத்துக்கு நிறம் பொருத்தி, அக்கா வெட்டிய அளவுக்கே வெட்டினாள். டப்பாவில் மேலாக அசல் துண்டுகளைப் பரப்பினாள். அதற்கு அடியில் முழுக்கப் பிரதிகள். மீதி அசல்களை மெல்லிய தாளுக்கு நடுவே வைத்துக் கடை இழுப்பறைக்குள் மூடினாள். குழந்தை பெரியவளானதும் தன் தாயின் கைவேலை கசங்காமல் கையில் கிடைக்கும், அப்போது புரிந்துகொள்வாள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மனசு நிறைந்துபோயிருந்தது.

பிறந்தநாள் அன்று குழந்தை பல் தேய்த்த கையோடு வந்து உட்கார்ந்துவிட்டது. பசைக் கிண்ணம் நடுவில். சித்தி ஒரு பக்கம், அது ஒரு பக்கம். முதலில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. இது அப்பா சட்டை டப்பா. இது நான் வாந்தி எடுத்தப்ப வாங்கின மருந்து. இது பக்கத்து வீட்டு அங்கிள் ஊருக்குப் போய் வாங்கிட்டு வந்த மிட்டாயைச் சுத்தின தாள், மிட்டாய் நல்லாவே இல்ல. சித்திக்கு அந்தக் கதைகளில் பாதி தெரியாது. சங்கிலி வளர வளரக் குழந்தை அதைக் கதவுப் பக்கமிருந்து இழுத்து இழுத்து அளந்து பார்த்துக்கொண்டது.

கடிகாரத்தைத் தாண்டிய பிறகு குழந்தையின் கையில் ஒரு மஞ்சள் துண்டு வந்தது. திருப்பிப் பார்த்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தது.

“இது எது சித்தி?”

சித்தி இதை எதிர்பார்க்கவில்லை. நிறம் பார்த்தவள், அளவு பார்த்தவள், இந்தக் கேள்வியை மட்டும் பார்க்கத் தவறிவிட்டாள். வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

“ஜூஸ் டப்பாவா இருக்கும் கண்ணு. மாம்பழ ஜூஸ்.”

குழந்தை சிரித்தது. சித்திக்கு ஒன்றும் தெரியவில்லையே என்கிற சிரிப்பு. “அம்மா ஜூஸ் டப்பா வெட்டவே மாட்டா. அதுல மெழுகு இருக்கும், பசை பிடிக்காது.”

அந்தத் துண்டைத் தனியாக வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தது. பச்சை. அதுவும் எது என்று தெரியவில்லை. அடுத்தது, அதற்கடுத்தது. சிரிப்பு மெல்ல வடிந்தது. ஒவ்வொன்றையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. எல்லாம் ஒரே நேர்கோடாக, கம்பி போல இருந்தன. குழந்தை கோபப்படவில்லை. அழவில்லை. “இதெல்லாம் அம்மாது இல்ல” என்று மட்டும் சொல்லிவிட்டு, டப்பாவைக் கவிழ்த்து, தாயுடையது ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று விரலால் கிளறிப் பார்த்தது.

கடை இரண்டு தெரு தள்ளி. எழுந்து ஓடினால் ஒரு பானை கொதிக்கும் நேரத்தில் போய்த் திரும்பிவிடலாம். சித்தியின் கால் எழத்தான் பார்த்தது. அந்நேரம் பார்த்து, குழந்தையின் அத்தை, அத்தானின் அக்கா, கேக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். பின்னாலேயே அத்தானும் வந்து நின்றார். என்ன பாதியில் நிற்கிறது என்று கேட்டார். அந்த டப்பாவை அவள் எடுத்துப் போனபோது நம்பித் தடுக்காமல் இருந்தவர் அவர்தான். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, நான் எடுத்து ஒளித்துவைத்தேன் என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

“அக்கா வெட்டினது அவ்வளவுதான் போல அத்தான்” என்றாள். “குறையுதேன்னு நான் கொஞ்சம் சேர்த்தேன்.”

அத்தான் தலையாட்டினார். அப்படியா என்றார். அத்தைக்கு எதிலும் ஒரு நையாண்டி வேண்டும். “இவ கையில கொடுத்தா கேக்கைக்கூடக் கண்ணாடி போட்டுச் சுவத்துல மாட்டிடுவா” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சித்தியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எவ்வளவு நேரம் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

குழந்தை தாயை ஏசவில்லை. அதுதான் கேட்க முடியாததாக இருந்தது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லல்ல, அதனால வெட்ட முடிஞ்சிருக்காது என்று அத்தையிடம் பெரிய மனுஷி போலச் சொல்லிக்கொண்டிருந்தது. சித்தி சமையலறைக்குள் போய்த் தேவையில்லாமல் தட்டுகளைக் கழுவினாள். படுக்கையில் இருந்தபடி வெட்டி வெட்டி டப்பாவை நிரப்பியவளிடம் ஆறு வயதுக் குழந்தை குறை கண்டு, அதற்கு மன்னிப்பும் கொடுத்தாகிவிட்டது. அந்தக் குறையை உண்டாக்கியவள் இங்கே ஈரத் துணியோடு நிற்கிறாள்.

கடைசியில் அத்தான்தான் ஒரு வழி செய்தார். பையிலிருந்து நூல்கண்டை எடுத்து, சங்கிலியின் கடைசி வளையத்தில் முடிந்து, மறுமுனையை ஜன்னல் கம்பியில் கட்டினார். பாதி தூரம் வண்ண வளையம், மீதி தூரம் வெறும் வெள்ளை நூல். விருந்துக்கு வந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்கள். குழந்தை மெழுகுவத்தியை ஊதியது. எல்லோரும் பாடினார்கள். கேக் வெட்டும்போதுகூட அதன் கண் அடிக்கடி அந்த நூலுக்குப் போய்த் திரும்பியது. சித்தி அதைக் கவனித்துக்கொண்டே காகிதத் தட்டுகளை நீட்டினாள். ஒவ்வொரு தடவையும், இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றியது. ஒவ்வொரு தடவையும் யாராவது இன்னொரு துண்டு கேட்டார்கள்.

கடைசி விருந்தாளி படியிறங்கியதும் சித்தி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். நடந்தாளா ஓடினாளா என்று தெரியாது. கடையைத் திறந்து, இழுப்பறையை இழுத்து, மெல்லிய தாளோடு அப்படியே வாரி எடுத்து வந்து சேர்ந்தபோது கூடத்தில் அத்தான் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அத்தை கிளம்பிப் போயிருந்தாள். குழந்தை புதுக் கவுனோடு சோபாவில் கால் ஆட்டிக்கொண்டிருந்தது. சித்தி தரையில் உட்கார்ந்து தாளைப் பிரித்தாள்.

குழந்தை இறங்கி வந்தது. பார்த்த உடனே தெரிந்துகொண்டது. கையை நீட்டி ஒன்றைத் தொட்டு, ஆரஞ்சு, ஸ்கூல்ல கொடுத்தது என்றது. இன்னொன்றைத் தொட்டு, ஆஸ்பத்திரிக் காலண்டர் என்றது. ஒன்றையும் எடுக்கவில்லை. விரல் நுனியால் தொட்டுத் தொட்டு எல்லாவற்றையும் சொல்லி முடித்தது. ஜன்னலுக்குப் போதுமா என்று யாரும் கணக்குப் பார்க்கத் தேவையில்லை. ஜன்னலைத் தாண்டி வெளியே தொங்கவிடும் அளவுக்கு இருந்தது.

“வா கண்ணு, இப்ப ஒட்டிடலாம். பசை இன்னும் இருக்கு.” சித்தியின் குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது.

“பொறந்தநாள் முடிஞ்சிடுச்சே சித்தி.”

“இன்னும் முடியலடா. தூங்குற வரைக்கும் பொறந்தநாள்தான்.”

“எல்லாரும் போயிட்டாங்க” என்றது குழந்தை. சித்தியைச் சமாதானப்படுத்துகிற மாதிரிதான் சொன்னது. பிறகு கொஞ்சம் யோசித்தது. “காலையில நான் தேடினப்ப, இது இருக்குன்னு உனக்குத் தெரியுமா?”

தெரியும் என்று சித்தி தலையாட்டினாள்.

குழந்தை மெல்லிய தாளை முன்பிருந்தபடியே மூட முயன்றது. சின்னக் கைக்கு மடிப்பு பிடிபடாமல் போகவே அப்படியே விட்டுவிட்டு எழுந்து, கவுன் கொக்கியைக் கழற்றச் சொல்லி அப்பாவிடம் போய் முதுகைக் காட்டி நின்றது.

அத்தான் குழந்தையை உடை மாற்ற அனுப்பிவிட்டு வந்து, சித்திக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

“நானும் ஒளிச்சுத்தான் வெச்சிருப்பேன்” என்றார் அவர். “அதுக்குப் பயந்துதான் அந்த டப்பாகிட்டயே போகல. நீ எடுத்துட்டுப் போனதும் அப்பாடான்னு இருந்துச்சு.”

சித்தி துண்டுகளை மறுபடி மெல்லிய தாளுக்குள் ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினாள். அவள் ஆசைப்பட்டது முழுசாகக் கிடைத்துவிட்டது. ஒன்றில்கூடப் பசை படவில்லை, ஒரு மடிப்பு விழவில்லை. இனி யாரும் அதை ஒட்டப் போவதுமில்லை. அக்கா இதை எதற்காக வெட்டினாள் என்பது பிடிபட இத்தனை நேரம் ஆகியிருக்கிறது. சுவரில் மாட்டி வைப்பதற்கு அவள் ஒரு நாளும் எதையும் செய்ததில்லை. அடுத்த பிறந்தநாளுக்குக் கட்டலாம் என்று அத்தானிடம் சொல்லிப் பார்க்க நினைத்தாள். அடுத்த வருடம் குழந்தைக்கு ஏழு வயது. இது ஆறுக்கு வெட்டியது. அவளுக்கே அது தெரிந்தபோது சொல்வதில் என்ன இருக்கிறது?

கிளம்பும்போது குழந்தை உள்ளறையிலிருந்து வந்தது. தலை கலைந்து, கன்னத்தில் கேக் பிசுக்கோடு. வழக்கம் போலச் சித்தியின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது. கோபம் ஒன்றும் இல்லை. அது சித்திக்குத் தெளிவாகவே தெரிந்தது.

“நாளைக்கு ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போக நீதானே வருவ?”

“நான்தான் கண்ணு. காலையில வந்துடுவேன்.”

குழந்தை அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தது. பிறந்ததிலிருந்து அவளிடம் ஒரு தடவைகூடக் கேட்டிராததை அப்போது கேட்டது.

“நிஜமாவா?”