காற்றுக்குப் பயந்து

லேசர் மறுபடியும் பலகையை அறுக்காமல் கருக்கி வைத்தது. அதில் அறுக்க வேண்டியவை, மார்ச் பிறந்ததும் பெண்கள் சிவப்பு வெள்ளை நூலில் கோத்துச் சட்டையில் குத்திக்கொள்ளும் சின்னப் பதக்கங்கள். கலாட்ஸ் நகரக் கடைகள் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தன. வெண்ணெயில் கத்தி இறங்குவது போல அறுத்த இயந்திரம் இப்போது பாதி ஆழத்தில் நின்றுவிடுகிறது. ரெமுஸ் கண்ணாடிகளை நேராக்கினான், லென்ஸின் உயரத்தை மாற்றினான், வேகத்தைக் குறைத்தான். குறைத்ததில் கரிதான் கூடியது.

உள்ளே அவன் மனைவி சில்வானா இருமிக்கொண்டிருந்தாள். படுக்கையறையை ஒட்டிய, கண்ணாடி போட்டு அடைத்த பால்கனியில்தான் இயந்திரம் இருந்தது. அந்த ஊரில் காது வலித்தாலும் காற்றடித்துவிட்டது என்பார்கள், கழுத்து பிடித்தாலும் காற்றடித்துவிட்டது என்பார்கள். சில்வானாவின் இருமலுக்கும் பழி காற்றின் மேல்தான் விழுந்தது. புகைக்குழாயை வெளியே விட சன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தான், அந்த இடுக்கில் குளிர்காற்று வருகிறது என்று அவளே சொன்னாள். ரெமுஸ் குழாயை உள்ளே இழுத்து, புகையை வடிகட்டிவிடும் என்று நம்பிக் கரி நிரப்பிய வாளிக்குள் விட்டு, சன்னலைச் சாத்தினான். இருமல் கூடியது. இடுக்குகளில் பஞ்சு அடைத்தான். இன்னும் கூடியது, இன்னும் அடைத்தான். பாவி, பாசத்தில்தான் செய்தான்.

ஒன்றும் சரிப்படாமல், இதே தொழில் செய்யும் நண்பன் தூடோரெலுக்கு போன் போட்டான். லென்ஸ் எவ்வளவு துடைத்தாலும் பூ விழுந்த கண் மாதிரி மங்கியே இருப்பதைச் சொன்னான். புது இயந்திரத்தின் கம்பிகள் துருப்பிடித்துவிட்டதையும், சுவரில் மாட்டிய கத்தரிக்கோல்கூடத் துருவேறியதையும் சொன்னதும் தூடோரெல் குறுக்கிட்டான்.

“மரத்தைத் தவிர வேற என்னடா அறுக்குறே?”

“தோலு. சாவிக்கொத்துக்கு. சந்தையில பெரிய சுருளா, மலிவா கிடைச்சுது.”

“சுருளாவா? எந்த மாட்டுக்குடா அம்புட்டு நீளத்துக்குத் தோல் இருக்கு?”

ரெமுஸ் சிரித்தான். தூடோரெல் சிரிக்கவில்லை. செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி அந்தத் தோலில் ஒற்றி, மறுபடியும் நெருப்பில் காட்டச் சொன்னான். சுடர் பச்சையாக எரிந்தால் அது தோலே இல்லை, குளோரின் கலந்த பிளாஸ்டிக். அதன் புகை ஈரத்தில் பட்டால் அமிலமாகி, இரும்பையும் லென்ஸையும் தின்னும்.

சமையலறை அடுப்பில் கம்பியைக் காட்டினான். சுடர் பச்சையாகத்தான் எரிந்தது.

இரும்பைத் தின்றது அவள் நெஞ்சை மட்டும் விட்டுவைத்திருக்குமா? ரெமுஸ் அடுப்பை அணைத்தான். ஓடிப்போய்ப் பஞ்சைப் பிய்த்து எறிந்து, சன்னல்களை எல்லாம் அகலத் திறந்தான். தான்யூப் ஆற்றின் குளிர் வீட்டுக்குள் பாய்ந்தது.

சில்வானா போர்வையைச் சுற்றிக்கொண்டு கதவைப் பிடித்தபடி வந்து நின்றாள். “உடம்பு முடியாதவ இருக்கேன். இப்படித் திறந்து போட்டிருக்கே, என்னைக் கொல்லப் பாக்குறியா?”

“இத்தனை நாளா அதைத்தான் பண்ணிட்டு இருந்தேன், சில்வானா” என்றான். “கோட்டைப் போடு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

அவளுக்குப் புரியவில்லை. ஆனால் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டாள். மாடிப்படி இறங்கும்போதே ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். இறங்குவதற்கே அப்படி.