நறுக்

...இல்லை, இதுவும் இல்லை, இது தகர ஷீட்டில் மழை பெய்கிற சத்தம், அந்த சிடியில் இருப்பது வேறு... பிரேம்குமார் கிதார் பெடலின் குமிழை இன்னும் வலப்பக்கம் திருகப் பார்த்தான், போகவில்லை, ஆம்ப்ளிஃபயரிலும் இரைச்சலைக் கூட்டுகிற கெய்ன் முழுசாகத்தான் நிற்கிறது, இனி எதைத் திருகுவது, தன் காதையா? மணி மூன்றரை. நாலுக்கு ஆர்கெஸ்ட்ரா வேன் வந்துவிடும், குழுவை நடத்துகிற காசிநாதன் அண்ணன் இறங்கி வந்து ஒரு நிமிஷம் கேட்பார், பிடித்தால் இன்றைக்குக் கீழப்பழுவூர்த் திருவிழாக் கச்சேரி அவன் போட்ட மெட்டோடு தொடங்கும், பிடிக்காவிட்டால் எலெக்ட்ரிக் கிதார் பெரம்பலூரிலேயே கிடக்கும், அவன் பழைய மரக் கிதாரோடு கடைசி வரிசையில் நிற்பான், ஆறு வருஷமாக நிற்கிற அதே இடம். பெங்களூர் ராஜராஜன் போன பொங்கலுக்குக் கொண்டுவந்த சிடி, அமெரிக்காக்காரன் யாரோ, மேலே பேர்கூட எழுதவில்லை, ஆனால் அந்தக் கிதார்... பாடவே இல்லை, எதையோ கடித்துக் கடித்துத் துப்பியது, அது எப்படி வருகிறது? பெடலில் கிரஞ்ச் என்று போட்டிருந்தது, என்னண்ணே அர்த்தம் என்றதற்கு, "கரகரன்னு அர்த்தம் தம்பி, நாம மைக்குல போக்கப் பாடுபடுறத அவனுங்க வேணும்னு வாங்குறானுங்க" என்று சிரித்தார் காசிநாதன். அன்றிலிருந்து எட்டு மாசமாக அவன் கரகரப்பைக் கூட்டிக்கொண்டேதான் இருக்கிறான்.

கம்பிகளைக் கையால் அமுக்கி நிறுத்தினான். அந்த இடைவெளியில், பின்னால், நறுக். பருத்திக் காட்டிலிருந்து அப்போதுதான் திரும்பிய அவன் மனைவி வளர்மதி, பழைய சோற்றுக்குச் சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டிருந்தாள். "இன்னொண்ணு கடி, வளரு." "என்னாங்க, கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்றபடியே கடித்தாள், நறுக், பிறகு, "ஒங்க கிதாரு என்னமோ சொல்ல வருது, ஆனா வாய் நெறைய சோத்த வச்சுக்கிட்டுல்ல பேசுது. நறுக்குன்னு சொன்னாத்தான் என்ன?" நறுக்கென்று... கரகர என்பது இழுத்துக்கொண்டே போவது, தொண்டை கட்டியவன் பேச்சு, நறுக் அப்படியில்லையே, உடைகிறது, முடிந்துவிடுகிறது, அதற்கு முன்னாலும் பின்னாலும் ஒன்றுமில்லை, அந்த ஒன்றுமில்லாததை அல்லவா இத்தனை நாள் இரைச்சல் போட்டு நிரப்பினோம்? மனசே வராமல் கெய்னைப் பாதிக்குக் குறைத்தான், கனத்த பேஸ் சத்தத்தைக் குறைத்தான், நடுச்சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினான், உள்ளங்கை ஓரத்தைக் கம்பிகள் மேல் சாய்த்து அடித்தான். நறுக். நறுக், நறுக். வந்தேவிட்டது... சந்தோஷம் தாங்காமல் தனியாகச் சிரித்தான்.

முழு மெட்டையும் வாசித்தான், இரண்டாவது திருப்பத்தில் ஏதோ பிசிறியது, கம்பியா, பெடலா, மறுபடி வாசித்தான், அதே இடம், அதே பிசிறு... பெடல் இல்லை, மோதிர விரல். ஒரு துளி தாமதமாக வந்து உட்காருகிறது, இத்தனை நாள் இரைச்சலுக்குள் ஒளிந்திருந்திருக்கிறது. "இப்பத்தாங்க நல்லா புரியுது" என்றாள் வளர்மதி, "அந்த எடத்துல மட்டும் தடுக்கி எந்திரிக்குது, எப்பவும் போல." எப்பவும் போலவா? மரக் கிதாரிலுமா? இவளுக்கே கேட்டதென்றால் அண்ணனுக்கு... கடைசி வரிசை என்பது இடம் இல்லாததால் கொடுத்த இடம் என்றல்லவா நினைத்திருந்தோம்? வாசலில் வேன் ஹாரன். கை தானாகக் கெய்ன் குமிழுக்குப் போனது, ஒரு திருகு போதும், விரல் மறைந்துவிடும், மெட்டு மேடை ஏறிவிடும்... ஆனால் அண்ணனுக்கு இது எப்போதிருந்து தெரியும்? விரலை மறைத்துவிட்டால் அதைக் கேட்க முடியாது, கேட்டுவிட வேண்டும்போலும் இருந்தது. காசிநாதன் செருப்பைக் கழற்றிவிட்டு, "எங்க தம்பி, அடி பாப்பம்" என்றார். குமிழ் மேல் இருந்த விரல்களை அவன் இன்னும் எடுக்கவில்லை.