எந்தக் கால்

சின்னவனின் உடம்பு கெட்டுப்போனதற்கு எவனோ ஒருவன் காரணம் என்பதில் லாரி ஸ்பிரிங் பட்டறைக்காரனுக்குத் துளியும் சந்தேகம் இல்லை. லாரியின் ஸ்பிரிங் பட்டை சும்மா உடையாது, எவனோ அளவுக்கு மீறி லோடு ஏற்றியிருப்பான். மனுஷனும் அப்படித்தான் என்பது அவன் கணக்கு. தன் தம்பியைக் கெடுத்த அந்த எவனோவைத் தேடித்தான் அவன் கண்டவன் மேலெல்லாம் கைநீட்டிக்கொண்டிருந்தான்.

முதலில் மாட்டியது முக்குக் கடைக்காரன். சின்னவனுக்குச் சிகரெட் விற்ற பாவத்துக்காக அவனைக் கடைக்கு வெளியே இழுத்துப் போட்டு, கண்ணாடி ஜாடியைத் தலையில் உடைத்தான். அடுத்தது சின்னவனோடு குடிக்கப் போகிற சிநேகிதன். அவனுக்கு முன்பல் போயிற்று. கால் வீக்கத்துக்கு மாத்திரையாகக் கொடுத்துக்கொண்டிருந்த கிளினிக் டாக்டரைச் சட்டையைப் பிடித்துச் சுவரோடு அழுத்தியபோது நர்ஸ் அலறித் தெருவே கூடிவிட்டது. அந்த மனுஷர் திக்கித் திணறி, "நெஞ்சுக்கு எக்கோ ஸ்கேன் எடுங்க எடுங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்! அதை எடுத்துப் பாருங்கய்யா, அப்புறம் வந்து என்னை அடிங்க" என்றார். நியாயமாகத்தான் பட்டது. பட்டறைக்காரன் சட்டையை விட்டு, கசங்கலை நீவியும் விட்டான்.

இதையெல்லாம் பாசம் என்றுதான் அவன் நினைத்தான். பார்க்கிறவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். பட்டறை கீழே, வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. காலில் நீர் கோத்து, வயிறு உப்பி, நாலு படி ஏறினால் மூச்சு முட்டுகிற தம்பியைத் தினமும் முதுகில் சுமந்துதான் ஏறுவான், இறங்குவான். வீட்டிலேயே கிடந்தால் மனசு விட்டுப்போகும் என்று பட்டறையில் ஒரு பழைய லாரி சீட்டைப் போட்டு அவனை உட்கார வைத்திருந்தான். இப்படி ஓர் அண்ணன் யாருக்குக் கிடைப்பான் என்று அக்கம்பக்கம் உருகியது. அவன் பெண்டாட்டி மட்டும் அதற்கு ஒன்றும் சொல்ல மாட்டாள். அவள் வாயைக் கட்டிப்போட்டுப் பல வருஷமாகிறது. திறந்தால் என்ன விழும் என்று அவள் கன்னத்துக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் அறை இருட்டாகவும் ஜில்லென்றும் இருந்தது. ஸ்கேன் எடுக்கிற டாக்டரம்மா ஒல்லி. குரல் மட்டும் கறார்.

"சட்டையைக் கழட்டிட்டு இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க."

சின்னவன் படுத்துப் பார்த்தான். மூச்சு அடைத்து எழுந்துவிட்டான். டாக்டரம்மா கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி, பட்டறைக்காரனைப் பார்த்து, "நீங்க பின்னாடி நின்னு முதுகைத் தாங்கிக்குங்க" என்றாள். அவன் இரண்டு கையாலும் தாங்கினான். கையில் எலும்புதான் தட்டுப்பட்டது. அவன் பெண்டாட்டி ஃபைலைக் கட்டிப்பிடித்தபடி கதவோரம் நின்றாள்.

நெஞ்சில் ஜெல்லைத் தடவியதும் சின்னவன் சிலிர்த்தான். "அண்ணே, ஐஸ் வைக்கறாங்க. நான் இன்னும் சாகலன்னு சொல்லு."

"வாயை மூடிட்டுப் படுடா."

திரையில் சாம்பல் நிறத்தில் என்னவோ அசைந்தது. இதுதான் தம்பியின் இதயம் என்று புரிந்துகொள்ளப் பட்டறைக்காரனுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"இடது பக்கம் நல்லா இருக்கு. ரத்தத்தை நல்லாவே தள்ளுது" என்றாள் டாக்டரம்மா.

"அப்ப ஹார்ட்டுல ஒண்ணும் இல்லையா?"

"அவசரப்படாதீங்க." கருவியை நகர்த்தினாள். "இது வலது பக்கம். இவ்வளவு வீங்கியிருக்கவே கூடாது. இதோ, துள்ளுது பாருங்க, அதான் வால்வு. இதுக்கு மூணு இதழ். ஒவ்வொண்ணையும் நூல் மாதிரி நார் இழுத்துப் பிடிச்சிருக்கும். இதுல ஒண்ணுக்கு நார் அறுந்துபோச்சு. இதழ் மூட மாட்டேங்குது." ஒரு பட்டனை அழுத்தினாள். திரையில் நீலம் குபீரென்று பாய்ந்தது. "இந்த நீலமெல்லாம் முன்னாடி போக வேண்டிய ரத்தம். ஒவ்வொரு துடிப்புக்கும் திரும்பி வந்துடுது. அதான் காலும் வயிறும் வீங்குது."

பட்டறையில் ஏர் கம்ப்ரசரின் வால்வு தட்டு உடைந்தால் காற்று இப்படித்தான் திரும்பிச் சீறும். பட்டறைக்காரனுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

"சிகரெட்டாலயா?"

"இல்ல."

"குடியாலயா?"

"இது அதெல்லாம் இல்ல. நெஞ்சுல பலமா ஏதோ மோதியிருக்கணும்." சின்னவனின் நடுநெஞ்சை விரலால் தடவினாள். "இங்க எலும்பு விரிசல் விட்டுக் கூடின மேடு இருக்கு. ஸ்டியரிங் இடிச்சுதா? யாராவது உதைச்சாங்களா?"

சின்னவன் கண்ணை மூடிக்கொண்டான். "விழுந்துட்டேன் டாக்டர்."

"சும்மா விழுந்தா இப்படி ஆகாதே."

சிநேகிதனின் முன்பல் அநியாயமாகப் போயிற்றே என்று பட்டறைக்காரனுக்கு ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணம் ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. இத்தனை நாள் தேடியவன் அகப்பட்டான். ஆள் யார் என்று தெரிய வேண்டியதுதான் பாக்கி.

"யார்ரா உதைச்சது?"

"அண்ணே, விடு."

"யாருன்னு கேக்கறேன்ல!" பக்கத்திலிருந்த தள்ளுவண்டியை எட்டி உதைத்தான். அது சுவரில் மோதிக் கவிழ்ந்து, ஜெல் பாட்டில் தரையில் உருண்டது. டாக்டரம்மா எழுந்து நின்று, "வெளிய போங்க!" என்று கத்தினாள். அவன் காதில் எதுவும் ஏறவில்லை. தம்பியின் தாடையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினான். "பேரைச் சொல்ல வேண்டாம். எந்தக் கால்னு மட்டும் சொல்லு. வலதா, இடதா? அந்தக் காலைச் சம்மட்டியால நசுக்கி நாய்க்குப் போடறேன். உன் மேல சத்தியம்டா!"

சின்னவன் மூச்சுக்குத் திணறியபடி அண்ணியைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினான். பட்டறைக்காரனும் திரும்பினான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து அவன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது காலை, இரும்பு மூக்கு வைத்த பூட்ஸை.

சில வருஷத்துக்கு முந்தி அவளை அடித்த அன்றைக்கு என்ன காரணம் என்றுகூட இப்போது அவனுக்கு நினைவில்லை. அவள் ஏதோ எதிர்த்துச் சொன்னாள். முடியைப் பிடித்து இழுத்து வந்து, ஸ்பிரிங் பட்டையை வைத்து அடிக்கிற பட்டறைக்கல்லுக்குப் பக்கத்தில் தள்ளினான். அவள் சுருண்டு விழுந்தாள். வயிற்றைப் பார்த்துக் காலை ஓங்கினான். உலைப் பக்கமிருந்து ஓடி வந்த சின்னவன் அவள் மேல் விழுந்து மறைத்தான், உதையை நெஞ்சில் வாங்கினான். மரப்பெட்டி பிளந்ததுபோல் ஒரு சத்தம். சின்னவன் புரண்டான், இருமினான், எழுந்து நின்று சிரித்தான். "என்னண்ணே, என்னையும் ஸ்பிரிங்னு நினைச்சியா?" சிரித்தானே என்று பட்டறைக்காரன் அதை அன்றைக்கே மறந்துவிட்டான்.

தாடையைப் பிடித்திருந்த கை தானாக நழுவியது.

"ஆபரேஷன் பண்ணிச் சரிபண்ணலாம். ஆனா தள்ளிப்போடக் கூடாது" என்றாள் டாக்டரம்மா, இன்னும் கோபம் ஆறாமல். "அதுவரைக்கும் ஒரு படிகூட ஏறக் கூடாது. அதிர்ச்சி ஆகாது. இந்த மாதிரி சத்தமும் ஆகாது. வீட்டுல இவரை யார் பார்த்துக்கறது?"

"எங்கண்ணன்தான்" என்றான் சின்னவன்.

மூவரும் ஆட்டோவில் திரும்பினார்கள். பட்டறைக்கு வந்ததும் அவன் தம்பியை லாரி சீட்டில் உட்கார வைத்தான். வலது பூட்ஸைக் கழற்றி எறிந்தான். வெறுங்காலைப் பட்டறைக்கல்லின் மேல் வைத்துச் சம்மட்டியை எடுத்தான். சின்னவன் "அண்ணே!" என்று எழ முயன்று, கால் மடங்கித் தரையில் விழுந்தான். அந்தச் சத்தத்தில் குறி தவறிச் சம்மட்டி கல்லின் விளிம்பில் இறங்கியது. சுண்டுவிரல் மட்டும் நசுங்கித் தொங்கியது. கல்லில் ரத்தம் வழிந்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஓங்கினான்.

"நிறுத்துங்க."

அவள் ஓடி வரவில்லை, அழவும் இல்லை. சின்னவனை நிமிர்த்தித் தன் மடியில் சாய்த்துக்கொண்டிருந்தாள். அவன் உதடு நீலம் பாரித்திருந்தது.

"உடைச்சுக்குங்க. நான் தடுக்கல" என்றாள். "அந்த உதை எனக்கு வந்தது. இவன் வாங்கிக்கிட்டான். இவன் இப்படி இளைக்க இளைக்க, அதனாலதானோன்னு எனக்குத் தோணிட்டே இருந்துது. சொன்னா என்னைக் கொன்னுடுவீங்கன்னு வாயை மூடிட்டு இருந்தேன். அது என் பாவம். ஆனா இவன் மூணு மாடி ஏறணும். நாளைக்கு இறங்கணும். என்னால தூக்க முடியாது. ஆபரேஷன் முடியற வரைக்கும் அந்தக் கால் இவனோடது, உங்களோடது இல்ல. அப்புறமா உடைச்சுக்குங்க. கை நடுங்குச்சுன்னா சொல்லுங்க, நானே உடைச்சு விடறேன்."

இத்தனை வருஷத்தில் அவள் அவனிடம் இவ்வளவு பேசியதில்லை. அவன் சம்மட்டியைக் கீழே போட்டான். உட்கார்ந்து முதுகைக் காட்டினான். அவள் தம்பியை மெல்ல நிமிர்த்தி அதில் சாய்த்தாள்.

படி ஏறும்போது தம்பியின் நெஞ்சு அவன் முதுகில் ஒட்டியிருந்தது. உள்ளே அடித்துக்கொள்வது சட்டை வழியாகத் தெரிந்தது. தாறுமாறாக அடித்தது. ஒவ்வொரு அடிக்கும் அந்த நீலம் திரும்பி வருகிறது என்று இப்போது அவனுக்குத் தெரியும். எத்தனையோ நாள் இதே முதுகில் சுமந்திருக்கிறான், ஒரு நாளும் தெரிந்ததில்லை. அவன் அழுதுகொண்டே ஏறினான். வலது கால் பட்ட படியிலெல்லாம் ரத்தம்.

"மெதுவாண்ணே. உனக்குக் கால் வலிக்கும்" என்றான் சின்னவன் காதோரமாக.

அவள் ரத்தத்தை மிதிக்காமல் பின்னால் ஏறி வந்தாள். கையில் சம்மட்டி இருந்தது. வீட்டுக்குள் வந்ததும் அதைக் கட்டிலுக்கு அடியில், தான் படுக்கிற பக்கமாகத் தள்ளி வைத்தாள். அவன் தம்பியை இறக்கி விட்டு அதைப் பார்த்தபடி நின்றான், பிறகு குனிந்து தன் வலது காலைப் பார்த்தான்.