முன்பாரம்

குளியலறை எடைப்பலகை இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று காட்டியது. கேரவனின் மூக்கை ஒரு கட்டையின் மேல் இறக்கி, மூன்றில் ஒரு பங்கு பாரம் மட்டும் எடைப்பலகையில் விழும்படி ஆர்லன் வைத்திருந்தார். மூன்றால் பெருக்கினால் எண்ணூற்று எழுபத்தொன்பது பவுண்டு. காலையிலிருந்து நான்காவது தடவை இது. விற்பனைத் தாளில் முன்பாரம், அதாவது இழுக்கும் பிக்கப் வண்டியின் மேல் மூக்கு ஏற்றும் எடை, அறுநூறு என்று போட்டிருந்தான் விற்ற புண்ணியவான். அது காலி வண்டிக்காம். கேஸ், பேட்டரி, தண்ணீரை எல்லாம் யார் தலையில் ஏற்றுவது?

அந்த அறுநூற்றை நம்பித்தான், கேரவனைப் பிக்கப்போடு கோக்கும் முதல் ஹிட்சை வாங்கினார். பாரத்தைப் பிக்கப்பின் முன்சக்கரங்களுக்கும் பங்கிட வேண்டிய அதன் கம்பிகள் முதல் நாளே வில்லாக வளைந்துவிட்டன. பெரியதாக இன்னொன்று வாங்கி மாட்டியாயிற்று. ஆனாலும் பிக்கப் சுமக்கக்கூடியது ஆயிரத்து நானூற்று எண்பதுதான் என்று கதவோர ஸ்டிக்கர் சொன்னது. முன்பாரம், ஹிட்ச், மூன்று ஆட்கள் எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். எப்படிக் கூட்டினாலும் ஐம்பது பவுண்டு அதிகம். முன்பாரம் குறையட்டும் என்று சாமான்களைப் பின்னுக்குத் தள்ளி ஓட்டிப் பார்த்ததில், எதிரே ஒரு லாரி போன காற்றுக்கே கேரவன் வாலை ஆட்டிவிட்டது. உயிர் போய் வந்தது அவருக்கு. எல்லாவற்றையும் திரும்ப முன்னால் வைத்தார். எரிச்சல் மண்டைக்கு ஏறியது.

அந்த எரிச்சலுக்கு அடியில் சின்னதாக ஒரு நிம்மதியும் இருந்ததை அவர் மறைக்கவில்லை, தன்னிடமாவது. அறுபத்தாறு வயதுவரை வடக்கு டகோட்டாவைத் தாண்டாத மனிதர். ஆரெகன் கடற்கரைக்கு மனைவி பெர்னிஸும் தானுமாகப் போவது மூன்று வருட ஆசை. நடுவில் பெர்னிஸ், போன வருடம் கணவனை இழந்த தன் அக்கா லவோனையும் வரச் சொல்லிவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. இப்போது கணக்கே சொல்லிவிடும்.

ஜாக்கியால் மூக்கைத் தூக்கிவிட்டு அவர் நிமிர்ந்தபோது, இரண்டு பெண்களும் காபிக் கோப்பையோடு வந்து நின்றார்கள். ஆர்லன் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். சாமான் எதையும் இனி இறக்குவதற்கில்லை, யாராவது ஒருவர் தங்கவேண்டியிருக்கும், தனக்கே சங்கடமாக இருக்கிறது என்றார்.

லவோன் எடைப்பலகையை உருவி இழுத்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். நூற்று நாற்பத்தொன்று. இறங்கி, அதைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள்.

"நீயும் ஏறுப்பா. கணக்குன்னா எல்லாருக்கும்தானே."

ஏறினார். முள் இருநூற்று அறுபத்தெட்டில் போய் நின்றது.

"நான் இறங்கினா தொண்ணூறு மிச்சம். நீ இறங்கினா இருநூறுக்கு மேல மிச்சம்," என்றாள் லவோன்.

அவர் சிரிக்கப் பார்த்தார். "அப்புறம் யாரு ஓட்டுறது?"

பெர்னிஸ் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். 

"அக்கா இருபது அறுவடைக்கு பீட்கிழங்கு லாரி ஓட்டினவ," என்றாள் மெதுவாக. "மூணு வாரமா நீ அளந்துக்கிட்டே இருக்க, ஆர்லன். எனக்குக் கடலைப் பார்க்கணும்."

அவர் எடைப்பலகையிலிருந்து இறங்க மறந்து நின்றார். லவோன் பிக்கப்பில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அவருடைய காலுக்காகக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளி வைத்திருந்த இருக்கை, மோட்டார் உறுமலோடு கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்துகொண்டிருந்தது.