ஓய்வெடுப்பவளின் கால்கள்

எங்கள் பட்டறையில் யாரும் முழுப்படம் வரைவதில்லை. மரத்துக்கு ஓர் ஆள், முகத்துக்கு முகத்தக்கா, காலுக்கு நான். கால்காரி என்றே பெயராகிவிட்டது. யாரோ ஓர் ஓவியர் நூறு வருடத்துக்கு முன்னால் ஏதோ ஒரு வெயில் தீவில் வரைந்த படமாம். மஞ்சள் மண்ணில் இரண்டு பெண்கள். ஒருத்தி சாய்ந்து கிடக்கிறாள், இன்னொருத்தி காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். கொடுத்துவைத்த மகராசிகள். ஒரு ஹோட்டலுக்கு, அறைக்கு ஒன்றாக அதை நகல் எடுத்துக்கொண்டிருந்தோம்.

என் மகளுக்கு நிறைமாதம், தலைப்பிரசவம். என்னை விட்டால் அவளுக்கு நாதியில்லை. லீவு கேட்டால் முதலாளி, "ஆர்டர் முடியட்டும்" என்பார். ஒன்று முடிவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். சொல்லாமல் ஓடலாமென்றால் எங்கள் அடையாள அட்டையெல்லாம் அவர் மேசை டிராயரில். அது இல்லாவிட்டால் எல்லைச் சோதனைச்சாவடியில் பஸ்ஸை விட்டு இறக்கிவிடுவார்கள். வேலையை விட்டுத் துரத்தினால் மட்டும் அட்டையை மூஞ்சியில் விட்டெறிவார்.

துரத்தட்டும் என்று முடிவு கட்டினேன். உட்கார்ந்திருந்தவளின் வெறுங்காலில், என் காலைப் பார்த்துப் பார்த்து, நீல வார் வைத்த ரப்பர் செருப்பை வரைந்தேன். வார் அறுந்த இடத்தில் குத்தியிருந்த ஊக்கைக்கூட விடவில்லை.

முகத்தக்கா பார்த்துவிட்டு வாயில் கை வைத்தாள். "அடிப்பாவி! உன்னை வீட்டுக்கு அனுப்பப்போறாரு."

"உன் வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்க்கா."

முதலாளி ஹோட்டல்காரரோடு வந்தார். ஹோட்டல்காரர் அந்தப் படத்தின் முன்னால் நின்றவர் நகரவேயில்லை. துரத்தப்போகிறார்கள் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

"அட! எங்கயோ கிளம்பப்போற மாதிரியே இருக்காளே! எல்லா ரூமுக்கும் இதே மாதிரி வேணும். ஏற்கனவே மாட்டினதையும் மாத்திக் குடுத்துடுங்க."

முதலாளிக்கு வாயெல்லாம் பல். "கால்காரி, உன்னைப் போய் இத்தனை நாள் சாதாரணமா நினைச்சுட்டேனே! அந்தச் செருப்பைக் கழட்டி மேசை மேல வை. இன்னும் நாலு பேர் பார்த்து வரையட்டும்."

கழற்றி வைத்தேன். அதன்மேல் விளக்கைத் திருப்பிவிட்டார்கள். சிமெண்டுத் தரை உள்ளங்காலில் சில்லென்று ஏறியது.

மடியில் போன் அதிர்ந்தது. மகள்தான்.

"அம்மா, வலி எடுத்துடுச்சும்மா. கிளம்பிட்டியா?"

மேசையைப் பார்த்தேன்.

"இதோ கண்ணு," என்றேன், "செருப்பை மாட்டிக்கிட்டே இருக்கேன்."