எந்த மாடி

பல் செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறவனை "டாக்டர்" என்று கூப்பிட்டது உலகத்திலேயே ஒரே ஒருவன்தான், அவனுடைய அத்தை மகன். பதிலுக்கு அவனுக்கு டாக்டர் வைத்த பெயர் அணில். முன்பல் இரண்டும் உதட்டைத் தாண்டி எட்டிப் பார்க்கும். ஒருநாள் குடித்துவிட்டுப் படிக்கட்டில் விழுந்து அதில் ஒன்றை உடைத்துக்கொண்டான். அதற்கும் சிரித்தான், படுபாவி. "உன் கையால ஒரு பல்லு கட்டிக்கணும்னு எழுதியிருக்கு மச்சான்" என்றான். வார்த்தைக்கு வார்த்தை விசில் அடித்தது.

இரண்டு பேருக்கும் வயது இருபத்துமூன்று. திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு சொட்டுத் தொடமாட்டார்கள். சனிக்கிழமை சாயங்காலம் அணில் போன் செய்வான், அவ்வளவுதான், வாரம் முழுக்கக் குடிக்காததையும் சேர்த்துக் குடித்துத் தீர்ப்பார்கள். அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. யார் கொஞ்சம் தெளிவாக இருக்கிறானோ, அவன் மற்றவனை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். மல்லாந்து கிடந்தால் வாந்தி புரையேறிவிடும் என்று எங்கோ கேட்டிருந்தார்கள். ஐந்து வருஷத்தில் ஒரு தடவைகூட அது தவறவில்லை.

ஒரு திங்கட்கிழமை டாக்டரின் கை நடுங்கி, யாருக்கோ செய்த கடைவாய்ப்பல் கிரைண்டரில் பாதியாகிவிட்டது. அன்றைக்குத்தான் பயந்தான். இந்த வயதுக்காரர்கள் குடியை விட, மூச்சையும் மனசையும் கவனிக்கச் சொல்லித்தரும் எட்டு வாரப் பயிற்சி நடக்கிறது என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தான். அணிலையும் கூப்பிட்டான். "மூச்சு விடுறதுக்கு ஒரு க்ளாஸா? நான் பொறந்ததுல இருந்து விட்டுக்கிட்டுதானே இருக்கேன்" என்றான் அவன்.

வகுப்பு ஒரு பழைய அலுவலகக் கட்டிடத்தில், சனிக்கிழமை ஐந்து மணிக்கு. வருகிறவர்களுக்குச் சங்கடம் வேண்டாம் என்று எங்கேயும் பெயர்ப்பலகை வைக்கவில்லை. பத்து நாற்காலி, மூடிய கதவு, பூனை மாதிரி நடக்கும் ஒரு பயிற்சியாளர் அம்மா. "ஆசை வந்தா சண்டை போடாதீங்க, ஓடாதீங்க. கொசு கடிச்ச இடம் மாதிரிதான். சொறியாம பார்த்துக்கிட்டே இருங்க, தானா அடங்கும்" என்பார். முதல் மூன்று வாரம் டாக்டருக்குத் தூக்கம்தான் வந்தது. நான்காவது வாரம் எதுவோ பிடிபட்டது. அந்த வாரமும் அதற்கடுத்த வாரமும் அவன் குடிக்கவில்லை. அணில் தனியாகக் குடித்தான்.

ஆறாவது சனிக்கிழமை அந்த அம்மா போன்களை அணைக்க வேண்டாம் என்றார். "உங்கள்ல பாதிப் பேருக்குக் குடி போன்லதான் வருது. கவிழ்த்து வைங்க. அடிச்சா எடுக்காதீங்க. எடுக்கணும்னு கை பரபரக்குது பாருங்க, அதை மட்டும் கவனிங்க."

ஐந்து பத்துக்கு டாக்டரின் போன் துடித்தது. அந்த நேரத்தில் யார் கூப்பிடுவார்கள் என்று தெரியாதா என்ன. கை தானாக நகர்ந்தது. நெஞ்சு படபடத்தது, நாக்கில் எச்சில் ஊறியது, எல்லாவற்றையும் கவனித்தான். போன் நின்றது. மறுபடி துடித்தது, நின்றது. கடைசியாக ஒரே ஒரு துடிப்பு. பரபரப்பு ஏறி, நின்று, மெல்ல வடிந்தது. அவன் கண்ணைத் திறந்தபோது அந்த அம்மா அவனைப் பார்த்துத் தலையசைத்தார். இத்தனை வருஷத்தில் யாரும் அவனை அப்படி மெச்சியதில்லை. போனைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் வீட்டுக்குப் போய், நிம்மதியாகத் தூங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அணிலின் அறைக் கதவை உடைத்தார்கள். மல்லாந்து கிடந்தான்.

அன்று மத்தியானம் எல்லாரும் அழுதுகொண்டிருக்கும்போது, டாக்டர் குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டு போனைத் திறந்தான். இரண்டு அழைப்பு. ஒரு வாய்ஸ் மெசேஜ். அதைக் கேட்டவன் வெளியே வர அரைமணி ஆயிற்று. யாரிடமும் சொல்லவில்லை. குடித்துத் தொலைக்கலாம் என்றால் அதுவும் முடியவில்லை. ஆசை வருகிறது, பார்க்கிறான், போய்விடுகிறது. பயிற்சி நன்றாகத்தான் வேலை செய்கிறது, சனியன்.

பத்து நாள் கழித்து அத்தை லேபுக்கே வந்துவிட்டாள். பிளாஸ்டர் தாடை அச்சுகளுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்தாள். மேஜை ஓரத்தில், சின்ன டப்பாவில், அணிலுக்குச் செய்து முடித்த பல் இருந்தது. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"அவன் போனைத் திறக்கவே முடியலடா. குரல் மறந்து போயிடுமோன்னு பயமா இருக்கு. உன் போன்ல அவன் பேசினது ஏதாச்சும் இருக்கா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அத்தை எழுந்து போயிருப்பாள், காலத்துக்கும் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த "இல்ல" நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் பெற்றவளுக்கு மிச்சமிருக்கிற ஒரே குரலை எப்படி ஒளித்து வைப்பது? போனை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"டாக்டர்... கீழதான் நிக்கிறேன். எந்த மாடின்னு சொல்லு. நானும் மூச்சு விடக் கத்துக்கலாம்னு வந்தேன். சிரிக்காத மச்சான். சீக்கிரம் சொல்லு, இல்லன்னா ஓடிப்போயிடுவேன்."

"சிரிக்காதன்றப்ப விசில் அடிக்குது பாரு" என்றாள் அத்தை. முகம் மலர்ந்துவிட்டது. "இன்னொரு வாட்டி போடு."

இரண்டாம் தடவை கேட்கும்போது முகம் மாறியது.

"இது என்னைக்கு?"

"அந்த சனிக்கிழமை அத்தை. அஞ்சு பத்துக்கு."

"நீ எங்க இருந்த?"

"மேலதான். க்ளாஸ்ல. குடிக்கத்தான் கூப்பிடுறான்னு நெனச்சேன். எடுக்கல அத்தை." அடிப்பாள் என்று காத்திருந்தான். அடித்தால் தேவலை என்றிருந்தது.

அத்தை உள்ளங்கையிலிருந்த பல்லின் மேல் விரல்களை மூடினாள். பிறகு, "எந்த மாடிடா அது?" என்று கேட்டாள்.

"நாலு."

அவள் போனை எடுத்தாள். பல்லை மூடிய கையை மடியில் வைத்துக்கொண்டு, போனை வாயருகே கொண்டுபோனாள்.

"நாலாவது மாடி, கண்ணு. ஏறி வா" என்றாள்.