ஒட்டுத்துணித் திரை

விருது விழாவுக்கென்று வாங்கிய புதுக் கோட்டின் கை நீளமாக இருந்தது. அதையே சாக்காக வைத்து, தையல்கார அக்காவை விழாவுக்கு நேரில் அழைத்துவிடலாம் என்று காலையிலேயே கிளம்பினான் அந்த வீடியோ நிருபர். விருதுக்குக் காரணமே அவள்தான். தள்ளுவண்டிக்காரர் ஒருவரைப் போலீஸ்காரர்கள் நடுத்தெருவில் போட்டு மிதித்தபோது தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. அவள் மட்டும் ஜன்னல் வழியாக செல்போனில் படம் பிடித்தாள். பிறகு அவன் கேமரா முன்னால் உட்கார்ந்து, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள்.

போய்ப் பார்த்தால், வாசலில் தையல் மெஷினைக் கயிறு போட்டு லாரியில் கட்டிக்கொண்டிருந்தார் அவள் கணவர். இவனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்னக்கா, வீடு மாத்துறீங்களா?"

"காலி பண்றோம் தம்பி. அடிச்சவங்க திரும்ப வேலைக்கு வந்துட்டாங்க. விசாரணை விசாரணைன்னு இவரை ஸ்டேஷனுக்கு இழுத்துட்டே இருக்காங்க. வீட்டு ஓனர் பயந்துட்டாரு. துணி தைக்கக் குடுக்கவும் யாரும் வர்றதில்ல."

"எரியிற வீட்ல பிடுங்கினது லாபம்னு சார் விருது வாங்கப் போறாரு," என்றார் கணவர், கயிற்றை இறுக்கியபடியே.

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்க முகத்த மறைச்சேனே அக்கா! குரலக்கூட மாத்தினேனே!"

அவள் கோட்டை வாங்கி, ஊசியில் நூல் கோத்து, கையாலேயே மடித்துத் தைக்க ஆரம்பித்தாள். பிறகு மூட்டைமேல் கிடந்த திரைச்சீலையைக் கண்ணால் காட்டினாள். வெட்டி மிஞ்சிய துண்டுத்துணிகளை ஒட்டுப்போட்டு அவளே தைத்தது.

"நான் பேசுறப்ப பின்னால இதுதான் தொங்குச்சு. இப்படி ஒரு திரை இந்தத் தெருவுல வேற யார்கிட்ட இருக்கு? முகத்த மறைச்சீங்க, வீட்டக் காட்டிக் குடுத்துட்டீங்க. இன்னைக்கு விழாவுலயும் அந்தப் படத்தத்தான போடுவீங்க?"

அவன் அங்கேயே நின்று விழாக்காரர்களுக்குப் போன் போட்டு, அவள் பேசும் பகுதியைப் படத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னான்.

"அந்தம்மா பேசுற இடம்தான் சார் உருக்கமே! அத எடுத்துட்டா யாரு கைதட்டுவா?"

"ஒருத்தரும் தட்ட வேணாம். எடுங்க!"

சாயங்காலம் மேடையில், அவள் சரிசெய்து கொடுத்த கோட்டோடு நின்றான். எழுதி வைத்திருந்த நன்றியுரை சட்டைப்பையிலேயே கிடந்தது.

"உண்மையைக் காட்டினேன்னு எனக்கு விருது குடுக்கிறீங்க. உண்மையைச் சொன்னவங்க இன்னைக்கு வீட்டைக் காலி பண்ணிட்டுப் போறாங்க. அதுக்கு என் கவனக்குறைவும் காரணம். சாட்சியைக் காப்பாத்தத் தெரியாதவனுக்கு நியாயம் பேச யோக்கியதை இல்லைங்க. இதை நான் கத்துக்கிறதுக்குள்ள ஒரு குடும்பம் தெருவுக்கு வந்துடுச்சு."

அதற்கும் கைதட்டினார்கள், பாவிகள்.